ஆத்தூர் வயலில் டீசல் போல மினுங்கிய தண்ணீர்

காற்றுப் புகாத கண்ணாடிக் குப்பிகளில் சேற்றை அடைத்து, அதற்குள் நுண்ணுயிர்கள் என்ன செய்கின்றன என்று பார்ப்பதுதான் ஏழு வருடமாக என் வேலை. திருச்சியில் ஒரு கல்லூரி ஆய்வகம். அந்த உயிர்களை அவற்றின் சொந்த இடத்தில் ஒருமுறையாவது பார்க்க வேண்டுமென்று, மார்கழியில் மழை விட்ட ஒரு சனிக்கிழமை ஆத்தூருக்குப் போனேன்.

திண்டுக்கல்லில் காலை 7.10க்குப் பஸ். செம்பட்டி வரை முக்கால் மணி நேரம், 25 ரூபாய். அங்கிருந்து ஆட்டோவுக்கு 120. ஆத்தூர் தாண்டி நெல் வயல்கள் தொடங்கும் இடத்தில் 8.20க்கு இறங்கினேன்.

முதல் வயலிலேயே கிடைத்துவிட்டது! பள்ளமான மூலையில் தேங்கிய தண்ணீர்மேல் வானவில் நிறத்தில் ஓர் ஏடு. அடியில் காவி நிறச் சகதி. குனிந்து படமெடுத்துக்கொண்டிருந்தேன்.

"நல்லா எடுங்க. ஸ்டேஷன்ல காட்டணும்," என்றார் வரப்பில் நின்ற பெண். வயலின் சொந்தக்காரர், செல்வி. பக்கத்து வயல் முருகேசனின் டீசல் எஞ்சின் ஒழுகித் தன் பயிர் மஞ்சளாகப் பழுக்கிறது என்று நான்கு நாளாகப் பேச்சுவார்த்தை இல்லையாம். அன்று புகார் கொடுக்கக் கிளம்பியிருந்தார்.

"ஏத்தா, ஒரு சொட்டு ஒழுகலன்னு அம்புட்டுச் சொல்றேன், நம்ப மாட்டேங்கிற," என்று அடுத்த வரப்பிலிருந்து முருகேசன் கத்தினார்.

முருகேசனிடம் ஒரு குவளைத் தண்ணீரில் ஒரு சொட்டு டீசல் விடச் சொன்னேன். குச்சியால் கிழித்ததும் டீசல் படலம் விலகி, உடனே ஒன்றுகூடியது. வேறு குச்சியால் வயல் ஏட்டைத் தொட்டேன். அப்பளம் போல் நொறுங்கி, சில்லு சில்லாக அப்படியே நின்றது.

"இன்னொருக்கா," என்றார் செல்வி. மூன்றாம் முறை குச்சியை அவரே வாங்கிக்கொண்டார்.

"இது எண்ணெய் இல்லக்கா. சேத்துக்குள்ள காத்து கிடையாது. அங்க இருக்கிற கிருமிங்க மண்ணுல உள்ள துருவை வச்சுத்தான் மூச்சு விடுது. அப்ப இரும்பு கரைஞ்சு மேல வரும். காத்து பட்டதும் திரும்பத் துருவாகி இப்படிப் படியுது."

"துருவுலயா மூச்சு விடுது?" செல்வி சேற்றையே பார்த்தார். "அப்ப பயிரு ஏன் பழுக்குது?"

கரைந்த இரும்பு மிகுந்தாலும் பயிர் பழுக்கலாம், தண்ணீரை வடித்துப் பாருங்கள் என்றேன். வடிக்க வேண்டுமானால் சரிவு முருகேசன் வாய்க்கால் பக்கம்தான். கடைசியில் முருகேசன் மண்வெட்டியோடு இறங்கி வந்தார். "தள்ளு, நான் வெட்டிவிடுறேன்."

இன்னும் ஆழத்தில், துரு தீர்ந்துபோன கறுப்புச் சேற்றில், வேறு நுண்ணுயிர்கள் மீத்தேன் உண்டாக்கும். அது மேலே வரும் வழியில், துருவின் துணையோடு அதைத் தின்கிற கூட்டமும் உண்டு. அதனால் எல்லா மீத்தேனும் காற்றுக்கு வந்து சேர்வதில்லை. வாய்க்கால் ஓரம் காலால் அழுத்தினேன். குமிழிகள் கிளம்பின. புனல் வைத்துக் கவிழ்த்த பாட்டிலில் பிடித்து, வயலைவிட்டு விலகி வந்து தீக்குச்சி காட்டினேன். நீலமாகப் பக்கென்று எரிந்து அணைந்தது.

"ஆத்தீ!" என்றார் செல்வி. நானும் அதையேதான் கத்தினேன்.

போகிறவர்களுக்கு: நடவு முடிந்து தண்ணீர் நிற்கும் மாதங்கள்தான் சரியான நேரம். தீ வைத்துப் பார்க்கும் வேலை வேண்டாம், குமிழியே போதும். வயல்காரரைக் கேட்காமல் சேற்றில் இறங்காதீர்கள். ஏழு வருடம் குப்பிக்குள் பார்த்துவிட்டேன். அந்த நுண்ணுயிர்களின் வேலை ஒரு வீட்டுப் பயிரின் பிரச்சினையும்கூட என்று வரப்பில் நின்ற செல்வி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.