மூன்றில் ஒருவர்

என் மனைவி வாயில் வரக்கூடாத வார்த்தை ஒன்று உண்டென்றால் அது 'நானாச்சு'தான். வீடு வீடாகப் போய்க் குழந்தைகளின் தடுப்பூசி விவரம் கேட்கும் சுகாதாரப் பணியாளர் அவள். யார் என்ன கேட்டாலும் முதலில் இந்த வார்த்தையைத் தூக்கிக் கொடுத்துவிடுவாள். மாட்டிக்கொண்டு முழிப்பது நான். தெருமுனையில் முடிவெட்டும் கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் தலையை என்னிடம் கொடுத்துவிட்டு, அவள் சொன்னது என்னாச்சு என்று வெட்டி முடிக்கும்வரை என் தலையை உருட்டுவார்கள்.

போன வருடம் பல்கலைக்கழகத்திலிருந்து நுரையீரல் ஆராய்ச்சிக்கு வந்தார்கள். மூச்சை இழுத்துப் பிடித்து ஒரு மெஷினில் ஊத வேண்டும். போலீஸ்காரன் ஊதச் சொன்னது போதாதா என்று தெருவில் ஒருத்தரும் கதவைத் திறக்கவில்லை. இவள்தான் போய், "சும்மா ஊதுங்க, ரிசல்ட் வாங்கித் தர்றது நானாச்சு" என்றாள். தெருவே ஊதியது.

என் அண்ணனும் ஊதினார். அவர் வெல்டர், இருமல் விட்டபாடில்லை. மெஷினைப் பார்த்த ஆராய்ச்சி மாணவி அவர் முகத்தையும் ஒருமுறை பார்த்தாள். "ஆய்வு முடிஞ்சதும் சொல்லுவாங்க" என்றாள். அவ்வளவுதான், அப்புறம் ஆளையே காணோம்.

அண்ணிக்கு அந்தப் பார்வை தூக்கத்தைக் கெடுத்தது. "இவரை வேலைக்கு அனுப்பலாமா வேணாமா, அதையாவது கேட்டுச் சொல்லு" என்று என் மனைவியைக் கேட்டுப் பார்த்தாள். இவளும் ஃபோன் மேல் ஃபோன் போட்டாள். பதிலே இல்லை. கடைசியில் அண்ணி இவளிடம் பேச்சையே நிறுத்திவிட்டாள். அண்ணன் பாட்டுக்குப் பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

ஒரு வருடம் கழித்துப் பேராசிரியர் வந்தார். 'ஆய்வை மக்களிடம் கொண்டு சேர்ப்போம்' என்று பேனர் வேறு. சமுதாயக் கூடத்துச் சுவரில் படம் படமாகக் காட்டி, பட்டறைத் தொழிலாளர்களில் மூன்றில் ஒருவருக்கு நுரையீரல் பாதிப்பு என்றார்.

அண்ணன் எழுந்தார். "சார், அந்த மூணு பேர்ல நான் யாரு?"

"பேரெல்லாம் அழிச்சிட்டோம். யாருக்கு என்னன்னு எங்களுக்கே தெரியாது. உங்க பாதுகாப்புக்குத்தான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாதுகாப்பாம். மனுஷன் இருமிக்கொண்டு நிற்கிறார், இவருக்குப் பேரைப் பாதுகாக்கணுமாம்.

என் மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அந்த மெஷின் இப்ப எங்க சார் இருக்கு?"

மார்க்கெட்டுக்குப் பின்னாடி ஆய்வு நடக்கிறதாம். அண்ணனையும் அண்ணியையும் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள். நானும் பின்னாலேயே ஓடினேன். அங்கே அதே மாணவி.

"இவர் இந்த ஏரியா இல்லையேக்கா."

"நுரையீரலுக்கு அட்ரஸ் பார்க்கணுமா? ஊதச் சொல்லும்மா. இந்தத் தடவை எழுதிக்கிட்டுப் போகாத, வாயால சொல்லு."

அண்ணன் ஊதினார். ஊதி முடித்து இருமி அடங்கும்வரை அந்தப் பெண் தலை நிமிரவில்லை.

"நாளைக்கே டாக்டரைப் பாருங்கண்ணா. அதுவரைக்கும் பட்டறைக்குப் போகாதீங்க." பிறகு மெதுவாக, "போன வருஷமே சொல்லியிருக்கணும்" என்றாள்.

அண்ணன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். யாரைத் திட்டுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. ஒரு வருடம் முழுக்க அந்தப் புகையிலேயே நின்றிருக்கிறார்.

அண்ணி என் மனைவியின் கையைப் பிடித்தாள். "சரியாயிடும்ல?"

அந்த வார்த்தை வந்துவிடுமோ என்று நான் இவள் வாயையே பார்த்தேன். வரவில்லை.

"நாளைக்கு நானும் கூட வர்றேன்க்கா" என்று மட்டும் சொன்னாள்.