மணிக்கூண்டுக்கு அடுத்த நிறுத்தம்

இந்த உலகத்தில் இதுவரை பிறந்த பேச்சாளர்கள், வக்கீல்கள், ஏலம் விடுகிறவர்கள் எல்லோரையும் ஒரே டவுன் பஸ்ஸில் ஏற்றிப் படிக்கட்டு வரை அடைத்தாலும், என் மாமா பின்படியில் நின்று ஒரு தரம் தொண்டையைச் செருமினால் போதும். அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சில்லறையைத் தேடுவார்கள். சூரியனே மில் வாசல் நிறுத்தத்தில் காத்திருந்து, மாமா "போலாம் ரைட்" சொன்ன பிறகுதான் மேலே கிளம்பும். இதைப் பொய் என்கிறவர்கள் அவருடைய பஸ்ஸில் ஏறாதவர்கள்.

மாமா என் அம்மாவின் தம்பி. டவுன் பஸ் கண்டக்டர். அம்மா போன பிறகு நான் வளர்ந்தது அவர் வீட்டில்தான். பள்ளிக்கூடமும் நானும் ஒன்பதாம் வகுப்போடு ஒருவரை ஒருவர் மன்னித்துப் பிரிந்துவிட்டோம். இப்போது பஞ்சர் கடையில் வேலை. ஆகவே இதில் இலக்கணம் தேடுகிறவர்கள் தயவுசெய்து பின்னால் வரும் வண்டியில் ஏறிக்கொள்ளவும்.

பஸ்ஸில் மாமாவுக்கு இரண்டு வழக்கங்கள் உண்டு. டிக்கெட் எடுக்காதவனைப் பிடித்தால் கத்த மாட்டார். அவன் எதிரே போய் நின்று, உள்ளங்கையை விரித்து நீட்டுவார். ஒரு வார்த்தை பேச மாட்டார். கை மட்டும் நீண்டபடி இருக்கும். அந்தக் கைக்கு எதிரே நின்று பொய் சொல்லித் தப்பித்தவன் கிடையாது. இன்னொன்று, பரீட்சைக் காலத்தில் எந்தப் பிள்ளையையும் வண்டியிலிருந்து இறக்கிவிட மாட்டார். டிக்கெட் இல்லையென்றாலும் சரி, பஸ் பிதுங்கினாலும் சரி. கேட்டால், "பாவம்டா, அதுங்களுக்கே வயித்தக் கலக்கும்" என்பார்.

எனக்கு அவர் குரல் அப்படியே வரும். ஒரு தடவை அவர் டீ குடிக்க இறங்கியபோது நான் பின்சீட்டிலிருந்து அவர் குரலில் "போலாம் ரைட்" என்றேன். டிரைவர் கண்டக்டரை விட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த நிறுத்தத்தில் ஒரு லாரியிலிருந்து மாமா இறங்கினார். நேராக என்னிடம் வந்தார். திட்டவில்லை. கையை நீட்டினார். அன்றைக்கு என்னிடம் டிக்கெட்டும் இல்லை.

பிறகு ஒரு காலையில் மணிக்கூண்டு நிறுத்தத்தில் பஸ் நின்றது, நின்றபடியே நின்றது. விசில் வரவில்லை. டிரைவர் கண்ணாடியில் பார்த்தால், மாமா வாயில் விசிலோடு கம்பியில் சாய்ந்து நிற்கிறார். முகத்தின் ஒரு பக்கம் கழன்று தொங்குகிறது.

மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு என்றார்கள். வலது கை விழுந்துவிட்டது, காலை இழுத்துத்தான் நடந்தார். பேச்சு போய்விட்டது. முழுக்கப் போனது என்றும் சொல்ல முடியாது. பெயரென்ன என்று டாக்டர் கேட்டால் "டிக்கெட், டிக்கெட்" என்றார். எங்கே வலிக்கிறது என்றால் "உள்ள போ, உள்ள போ" என்றார். யோசித்துப் பேசுகிற பேச்சுதான் அடிவாங்கியிருக்கிறது, வாய் பழக்கத்தில் தானாகச் சொல்லும் வார்த்தைகள் மூளையின் வேறு மூலையில் இருப்பதால் தப்பித்துவிட்டன என்று டாக்டர் விளக்கினார். தினமும் யாராவது உட்கார்ந்து பயிற்சி கொடுத்தால் மற்றதும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பலாம் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். "ரைட்" என்றார். "இந்த ரைட்டுக்கு ஆமான்னு அர்த்தமா, இல்ல என்னையும் எறக்கி விடறீங்களா?" என்று அத்தை சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறு எதுவாகவோ மாறிவிட்டது. அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமையைத்தான் தாங்க முடியவில்லை. மாமாவுக்கு ஒரே மகள். வெளியூரில் துணிமில்லில் வேலை, விடுதியில் தங்கல். என்னைவிடப் பெரியவள் என்றாலும் அவளுக்கு வீட்டில் பெயர் பாப்பாதான். ஞாயிறு காலையில் கூப்பிடுவாள். மாமா போனை எடுத்ததும் முதல் பேச்சு, "பாப்பா, சாப்டியா?" அதைச் சொல்லாமல் அவர் வேறு எதையும் பேசியதில்லை. வீடு தீப்பிடித்திருந்தாலும் அதைக் கேட்டுவிட்டுத்தான் தீ விஷயத்தைச் சொல்வார். இப்போது அத்தை போனை அவர் காதில் வைத்தால் மூச்சு மட்டும் போகும். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, கடைசியில் "டிக்கெட்" என்று வந்து விழும். முதல் வாரம் பாப்பா சிரித்தாள். அதற்கப்புறம் சிரிக்கவில்லை. மாமாவுக்கு நடை வேண்டாம், கை வேண்டாம், வேலை திரும்பக் கிடைக்க வேண்டாம். அந்த இரண்டு வார்த்தை வேண்டும்.

அப்போதுதான் கல்லூரி வந்தது. பக்கத்துக் கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள் பருவத்துக்குப் பருவம் சமூக சேவை செய்தால்தான் மார்க். சிலர் மரக்கன்று நடுவார்கள், சிலர் சுவருக்குப் பெயின்ட் அடிப்பார்கள். பேச்சு போனவர்களுக்குப் பயிற்சி கொடுக்கவும் ஒரு கூட்டம் உண்டு. பொறுப்பாசிரியர் ஒருவர் வந்து மாமாவைப் பார்த்துவிட்டு, ரொம்பப் பொருத்தமான வீடு என்று பாராட்டினார். நல்ல மழையைப் பார்த்த குடை வியாபாரி மாதிரி இருந்தது அவர் முகம்.

முதலில் வந்தவனுக்கு நான் வைத்த பெயர் கண்ணாடி. படம் போட்ட அட்டைகளைக் கொண்டுவந்தான். முதல் அட்டை பந்து. பந்து, பூனை, நாற்காலி என்று பொறுமையாகப் போய், பருவம் முடிவதற்குள் மாமா "தண்ணி" என்று தானாகக் கேட்க ஆரம்பித்தார். முதல் நாள் எடுத்த வீடியோவையும் கடைசி நாள் வீடியோவையும் கல்லூரி மண்டபத்தில் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டினார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். மாமாவும் இடது கையால் தொடையைத் தட்டினார். அதோடு கண்ணாடி போய்விட்டான்.

அடுத்தவன் கொட்டாவி. முதல் நாள் பந்தைக் காட்டியதுமே மாமா "பந்து" என்றார். அவன் முகம் தொங்கிவிட்டது. "ஆன்ட்டி, இவருக்குத்தான் ஏற்கெனவே தெரியுதே. நான் இதுல எதை முன்னேத்தறது? எனக்கு மார்க்கே விழாதே" என்றான். மாமா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பரீட்சைக்குப் போகிற பிள்ளை படிக்கட்டில் தொங்குவதைப் பார்க்கிற பார்வை. மறுநாள் அவன் வீடியோவை ஓடவிட்டுப் பந்தைக் காட்டினான். மாமா வாயைத் திறக்கவில்லை. பூனைக்கும் திறக்கவில்லை. கொட்டாவிக்கு உயிர் வந்தது. அவன் போனதும் மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்து, "பந்து" என்றார். வீடே சிரித்தது.

அன்றிலிருந்து அது எங்கள் வீட்டு வழக்கம். புதிதாக எவன் வந்தாலும் மாமா முதல் சில நாள் ஊமை. பிறகு மெதுவாகப் பந்து, மெதுவாகப் பூனை. பிள்ளைகள் மார்க்கோடு போனார்கள். மாமா நாற்காலியைத் தாண்டவேயில்லை. பாப்பா ஞாயிற்றுக்கிழமைதோறும் மூச்சைக் கேட்டுவிட்டு வைத்தாள்.

அப்புறம் தும்மல் வந்தாள். அட்டைகளைப் பிரித்தால் தூசிக்குத் தும்முவாள், அதனால் அந்தப் பெயர். ஒரு நாள் அவள் பூனையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருக்கும்போது தெருமுனையில் பஸ் போனது. மாமாவின் உதடு அசைந்தது. தும்மல் அட்டையை ஓரமாக வைத்தாள். "அங்கிளோட வண்டி எந்த வழியா போகும்?" என்று என்னிடம் கேட்டாள். நான் சொன்னேன். உடனே வீட்டிலிருந்த நாற்காலி, முக்காலி, தண்ணீர் டிரம் எல்லாவற்றையும் இரண்டு வரிசையாகப் போட்டாள். மாமாவைப் பின்னால் சுவரோரம் நிற்க வைத்தாள். எனக்கு டிரைவர் வேலை. அத்தை காய்கறிக் கூடையோடு பயணி.

"மில் வாசல்" என்றாள் தும்மல், அவ்வளவுதான். மாமா வாயிலிருந்து அணை உடைந்தது. மில் வாசல், பெரிய ஆஸ்பத்திரி, கோர்ட்டு, மீன் மார்க்கெட், மணிக்கூண்டு. ஒன்றுகூட மாறவில்லை. அத்தை கூடையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இறங்க மனமில்லாத பயணி.

தும்மல் பஸ்ஸில் புது நிறுத்தம் ஒன்றைச் சேர்த்தாள். மணிக்கூண்டுக்கு அடுத்தது பாப்பா வீடு. அங்கே வண்டி நிற்க வேண்டும், கண்டக்டர் "சாப்டியா" என்று கேட்க வேண்டும், அப்புறம்தான் ரைட். தினமும் ஓட்டினோம். மணிக்கூண்டு வரை பறக்கும், அதற்கப்புறம் எஞ்சின் அணைந்துவிடும். திரும்ப மில் வாசலிலிருந்து. பருவம் முடியப்போகிற சமயம், ஒரு மாலையில் மாமா மணிக்கூண்டைத் தாண்டினார். "சாப்டியா" என்றார். தெளிவாக, அவருடைய குரலில். தும்மல் தும்ம மறந்துவிட்டாள். இன்னும் அதற்கு முன்வார்த்தை "பாப்பா" வர வேண்டும். உதடு ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. சத்தம் வரவில்லை. இன்னும் கொஞ்ச நாள் ஓட்டினால் வந்திருக்கும்.

பருவம் முடிந்தது. அவள் பொறுப்பாசிரியரிடம் போய், அடுத்த பருவமும் இதே வீட்டுக்குப் போகிறேன் என்று கேட்டிருக்கிறாள். உனக்கு உரிய மணிநேரம் முடிந்துவிட்டது, மற்றவர்களுக்கும் வாய்ப்பு வேண்டாமா என்றாராம். அதுவும் நியாயம் மாதிரிதான் இருக்கிறது, அதுதான் கொடுமை. கடைசி நாள் வந்து, பரீட்சை எழுதிவிட்டு வருகிறேன் அங்கிள் என்றாள். படிப்பு முடிந்தது, சொந்த ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள் என்று பிறகு தெரிந்தது. அவளைக் குறை சொல்ல மாட்டேன். நாற்காலிகள் வெகுநாள் அதே வரிசையில் கிடந்தன.

அடுத்து வந்தவன் தலைவர். எப்போதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பான். தும்மல் எல்லாவற்றையும் அவனிடம் சொல்லித்தான் விட்டுப் போயிருந்தாள். ஆனால் எல்லா வீடியோவும் ஒரே அட்டையில் தொடங்க வேண்டும், அப்போதுதான் ஒப்பிட முடியும் என்பது ஆசிரியர் கட்டளையாம். பந்தை எடுத்தான். மாமா வாயைத் திறக்கவில்லை. அடுப்படியில் அத்தை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். நான் மாமாவைப் பார்த்துக் கண்ணடித்தேன். மாமா பதிலுக்குக் கண்ணடிக்கவில்லை. கேமரா ஓடுகிறதே, அதனால்தான் என்று நினைத்தேன்.

மறுநாளும் ஊமை. அதற்கு மறுநாளும். தலைவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. நல்ல அடிமட்டத்திலிருந்து தொடங்குகிறோம் என்றான். அவன் போன பிறகும் மாமா பேசவில்லை. "மாமா, ஆளு போயாச்சு. நடிப்ப நிறுத்துங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். "பாரேன், மனுஷனுக்குத் தொழில்பக்தி" என்றாள் அத்தை. நாங்கள் சிரித்தோம். இதை எழுதும்போது என் கை நின்று நின்று போகிறது. நாங்கள் சிரித்தோம்.

அந்த வாரக் கடைசியில் தெருமுனையில் பஸ் போனது. விசில் கேட்டது. மாமாவின் உதடு அசையவில்லை.

ஆஸ்பத்திரியில் இரண்டாவது அடைப்பு என்றார்கள். சின்னதுதானாம். உடனே கொண்டுவந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாமாம். "எப்பலேருந்து இப்படி இருக்காரு?" என்று டாக்டர் கேட்டார். அத்தை என்னைப் பார்த்தாள். நான் அத்தையைப் பார்த்தேன். நடிப்பு எங்கே முடிந்தது, நோய் எங்கே தொடங்கியது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. தெரிந்த ஒரே ஆளால் சொல்ல முடியாது.

மில் வாசல் போயிற்று. மணிக்கூண்டு போயிற்று. டிக்கெட்டும் ரைட்டும்கூடப் போய்விட்டன. டாக்டர் இந்தத் தடவை மூலை எதையும் பற்றிப் பேசவில்லை.

தலைவர் ஒரு நாள் பழங்களோடு வந்தான். வாசலில் வெகுநேரம் நின்றான். முன்னேற்றம் இல்லாத வீடு என்று ஆசிரியர் எங்கள் வீட்டை எடுத்துவிட்டாராம், தன்னை மரக்கன்று நட மாற்றிவிட்டார்களாம். "என் தப்பா ஆன்ட்டி?" என்று கேட்டான். இல்லப்பா என்றாள் அத்தை. அவன் பழப்பையை யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் முக்காலியில் வைத்தான். தும்மல் போட்ட வரிசையில் அது முன்சீட்டு.

போன ஞாயிறு அத்தை தெருக்குழாய்க்குப் போயிருந்தாள். மாமா உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார். போன் அடித்தது. பாப்பாவிடம் அத்தை இரண்டாவது அடைப்பைப் பற்றிச் சொல்லவில்லை. லீவு கிடைக்காமல் அங்கே கிடந்து அழுவாள் என்று பயம். நான் எடுத்தேன். "அப்பா? அம்மா? யாரு?" என்றாள். அவள் குரலில் இருந்தது எதிர்பார்ப்புகூட இல்லை, பழக்கம்.

நான் வாயை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டேன். நாக்கைக் கனக்க விட்டேன். மணிக்கூண்டைத் தாண்டினேன்.

"பா... ப்பா. சாப்... டியா."

அந்தப் பக்கம் பாத்திரம் ஏதோ கீழே விழுந்த சத்தம். பிறகு அவள் அழுதாள். சாப்ட்டேன்பா, சாப்ட்டேன்பா என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். விடுதியில் யாரையோ கூப்பிட்டு, எங்கப்பா பேசறாரு என்று கத்தினாள்.

எனக்குப் பின்னால் கதவு நகர்ந்தது. திரும்பினேன்.

மாமா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. நிலையை விட்டுவிட்டு, காலை இழுத்து இழுத்து, அந்த இரண்டு வரிசை நாற்காலிகளுக்கு நடுவே என்னிடம் வந்தார். எதிரே நின்றார். வலது கை அசையவில்லை. இடது உள்ளங்கையை விரித்து நீட்டினார்.

"அப்பா, இன்னொரு தரம் சொல்லுங்கப்பா" என்றது போன்.

கை நீண்டபடி இருந்தது.