மணியடிக்குமுன் அக்கா கேட்ட கேள்வி

எங்கள் அக்கா சாந்தோமில் பிறந்து, அங்கேயே படித்து, எங்கள் கோயில் பங்கின் பெண்கள் பள்ளியில் ஆசிரியையாக இருந்து, சென்ற ஆண்டு டைபாய்டு காய்ச்சலில் இறைவன் திருவடி சேர்ந்தார். அப்பா காலமான பிறகு அக்காவின் சம்பளத்தில்தான் நானும் தங்கையும் வளர்ந்தோம். புகழ்ந்து எழுதினால் அவருக்கே பிடிக்காது. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

குண்டு விழுமென்ற யுத்த பயத்தில் காலியான பட்டணம் மறுபடி நிரம்பிப் பள்ளி திறந்தபோது, பிள்ளைகள் படித்ததையெல்லாம் மறந்திருந்தார்கள். இரவு ஜெபத்துக்குப் பின் வீட்டில் நாங்கள் செய்யும் ஆத்தும சோதனையை அக்கா வகுப்புக்குக் கொண்டுபோனார். சாயங்கால மணிக்கு முன் எல்லோரும் கண்ணை மூடி, இன்று என்ன கற்றோம், எங்கே தவறினோம் என்று நினைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். அக்காவும் தன் தவறைச் சொல்வார்.

பிள்ளைகள் ஒருபடி மேலே போனார்கள். சனிக்கிழமை கோயிலில் பாவங்களை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தில், பொய் சொன்னதோடு வகுத்தல் கணக்கில் தப்பு செய்ததையும் பங்குச் சாமியாரிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர்களே வந்து அக்காவிடம் பெருமையாகச் சொன்னார்கள்.

பள்ளிக்கும் நிர்வாகி அந்தச் சாமியார்தான். திங்கட்கிழமை வகுப்புக்கே வந்துவிட்டார்.

“டீச்சர், அந்தக் கண்ணை மூடுற பழக்கத்தை நிறுத்திடும்மா. இல்லன்னா நான் வேற ஆளைப் பாக்கவேண்டியிருக்கும்.”

“ஏன் சாமி?”

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை அவர் வெளியே மூச்சு விடக்கூடாது. வேலை போனால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. அது தெரிந்தும் அக்கா விட்டுக்கொடுக்கவில்லை.

“சாயங்காலம் வந்து ஒக்காந்து பாருங்க சாமி. அப்புறமும் வேணாம்னா நான் போயிடறேன்.”

சாயங்காலம் சாமியாரும் கண்ணை மூடினார். திறந்ததும் முன்பெஞ்சுச் சிறுமி கேட்டாள்: “சாமி, நீங்க இன்னா தப்பு பண்ணீங்க?”



“அவசரப்பட்டுட்டேம்மா,” என்றார் அவர்.

அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கணக்குத் தப்பு பாவமில்லை, அதைத் தன்னிடம் சொன்னால் போதும் என்று அக்காவும் பிள்ளைகளுக்குப் புரியவைத்தார். கடைசிவரை அந்த வழக்கத்தை அவர் விடவில்லை.

அக்காவின் காய்ச்சலில் நேரங்காலம் பாராமல் வந்த டாக்டருக்கும், முறைவைத்துக் கண்விழித்த பங்குப் பெண்களுக்கும், சவப்பெட்டியைத் தோளில் தாங்கியவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அக்காவின் இடத்துக்கு வந்த புது ஆசிரியைக்கும் நன்றி சொல்ல வேண்டும். அவருக்கு இந்த வழக்கம் தெரியாது. முதல் நாள் மணியடித்தும் பிள்ளைகள் எழுந்திருக்காமல் கண்ணை மூடியபடியே இருந்தார்களாம். கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு அவரும் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாராம்.

அடக்கத்தன்று எனக்கு அழுகை வரவில்லை. இதைக் கேட்டபோது வந்தது.