நாற்றங்காலில் மஞ்சள் தண்ணீர்

"பள்ளிக்கூடம் போன கைக்கு மரிக்கொழுந்து வருமாடி? ஊதினாப் பறந்துபோற வெதை அது" என்றாள் அத்தை, அப்பாவின் அக்கா. நான் எட்டாவது தேறியிருந்தேன். எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அந்த வருஷத்து நாற்றங்காலை என் பொறுப்பில் விடும்படி அப்பாவிடம் கேட்டு வாங்கினேன்.

உத்தனப்பள்ளிப் பக்கம் எங்கள் கிணற்று நிலத்தில் மரிக்கொழுந்துதான் வெள்ளாமை. மணம் இலையில்தான் என்பதால் பூ விரியும் முன்பே அறுத்துக் கட்டுக் கட்டாகப் பெங்களூருக்கு ஏற்றிவிடுவோம். விதைக்கென்று சில செடிகளை மட்டும் விட்டுவைப்போம். அந்த விதை அடுத்த பருவம் தாண்டினால் முளைக்காது. வீட்டிலிருந்த விதை முழுவதையும் துணியில் முடிந்து நனைத்து, முளை கண்டதும் மணலோடு கலந்து தூவினேன். பாத்தி அழிந்தால் மறுபடி தூவ ஒரு பொட்டு விதை இல்லை.

பாசி படர்ந்தாற்போல் பச்சை பிடித்தது. அத்தைகூட வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அம்மா நாற்றுக்குக் காலையில் மட்டும்தான் தண்ணீர் தெளிப்பாள். செடிக்கு மாலையில் தண்ணீர் விடுவதே நல்லது என்று பள்ளித் தோட்டத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நான் மாலையிலும் தெளித்தேன். மார்கழிக் குளிரில் விடிந்த பிறகும் மண் ஈரமாகவே கிடந்தது. ஒரு நாள் காலை, பாத்தியின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு நாற்று தலைசாய்ந்திருந்தது. தொட்டால் தண்டு அடியில் கறுத்துக் குழைந்தது. மறுநாள் அது தட்டளவு ஆனது. அதற்கடுத்த நாள் இன்னொரு இடம். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "தூரமா இருந்த மூணு நாளும் நீ இங்க வந்தியா?"

வந்திருந்தேன். அந்த நாட்களில் மரிக்கொழுந்துப் பாத்தியில் பெண்கள் கால் வைக்கமாட்டார்கள். நான் அதை நம்பவில்லை. தண்ணீர்தான் காரணம் என்பது அப்போதே எனக்குப் பட்டுவிட்டது. ஆனால் பள்ளியில் படித்தது பொய்த்தது என்று என் வாயால் சொல்ல முடியவில்லை. ஆமாம் என்று தலையாட்டினேன்.

அம்மா என்னைத் திட்டவில்லை. அப்பாவிடமும் சொல்லவில்லை. தீட்டுக் கழிய, மூன்று காலை மஞ்சள் தண்ணீர் தெளிக்க வேண்டும் என்று ஒரு குடம் கரைத்து எடுத்து வந்தாள். ஏற்கெனவே அழுகிக்கொண்டிருந்த மண்ணில் அவள் பயபக்தியோடு ஊற்ற ஊற்ற, வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் பாதிப் பாத்தி மஞ்சள் சேறாகக் கிடந்தது.

வரப்போரம், தண்ணீர் தங்காமல் வழிந்துவிடும் மேட்டில் மட்டும் நாற்று நிமிர்ந்து நின்றது. பிடுங்கி நடும் வளர்த்தி இல்லை. நட்டால் பிழைக்குமா என்பது எனக்குத் தெரியாது.

அம்மா இரண்டாவது குடத்தோடு வந்தபோது நான் மண்ணில் மண்டியிட்டிருந்தேன்.

"ஊத்தாதம்மா. தீட்டு இல்ல. சாயங்காலமும் தண்ணி விட்டேன், அதான் அழுகிப்போச்சு. சாயங்காலம் விடணும்னு பள்ளிக்கூடத்துல சொன்னாங்க."

அவள் குடத்தை இறக்கவும் இல்லை, ஊற்றவும் இல்லை. அவள் வருவதற்குள்ளேயே ஓரத்து நாற்றை வேர்மண்ணோடு பெயர்த்து, அழுகல் எட்டாத இன்னொரு காய்ந்த மேட்டில் ஒரு வரிசை நட்டு முடித்திருந்தேன்.