பச்சையிலேயே நின்ற முள்

பெரியப்பாவின் காது மிஷினால் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அதன் பட்டன் பேட்டரியைச் சோதிக்க அவர் ஒரு பெட்டி வைத்திருந்தார். கள்ளக்குறிச்சியில் யாரோ கடையைக் காலி செய்தபோது வாங்கி வந்த அரதப்பழசு. பேட்டரியைக் குழியில் வைத்து அழுத்தினால் முள் எழும்பும். பச்சையில் நின்றால் நல்ல பேட்டரி, சிவப்பில் விழுந்தால் தீர்ந்த பேட்டரி. அவர் கண்ணுக்கு முள் சரியாகத் தெரியாது என்பதால், பார்த்துச் சொல்லும் உத்தியோகம் என் தலையில் விழுந்தது. அதையும் வாயால் சொல்ல முடியாது. பேட்டரி பெட்டியில் இருக்கும்போது அவருக்கு ஒன்றுமே கேட்காதே! பச்சையென்றால் கட்டைவிரலைத் தூக்க வேண்டும், சிவப்பென்றால் கையை விரிக்க வேண்டும். நொண்டி விளையாட்டில் நான் ஜெயிக்கப் போகும் நேரமாகப் பார்த்துத்தான் கூப்பிடுவார்.

கல்யாணமாகிப் பெங்களூருக்குப் போன அவர் மகள், எங்கள் அக்கா, ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்வாள். அந்த வருஷம் கரும்பு வெட்டும் சமயத்தில், அவள் பேச்சு அவருக்குப் பிடிபடாமல் போயிற்று.

"டூப்ளிகேட் பேட்டரி குட்த்துட்டான்" என்று பேட்டரி விற்ற கடைக்காரர் மேல் பாய்ந்தார். பெரியம்மாவும் நானும் எங்கள் ஊர் மூங்கில்துறைப்பட்டிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு பஸ் பிடித்துப் போய்ச் சண்டை போட்டு வேறு வாங்கி வந்தோம். அதுவும் ஆகாதாம். மறுபடி பஸ், மறுபடி சண்டை. வழியெல்லாம் கரும்பு டிராக்டர்களின் பின்னால் ஊர்ந்ததில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு புது பேட்டரியோடு போனைக் காதில் வைத்தார். அக்காவின் குரல் வாசலில் இருந்த எனக்கே கேட்டது. அவர் கொஞ்ச நேரம் "ஆங், ஆங்" என்றுவிட்டு, போனைப் பெரியம்மாவிடம் நீட்டினார். பிறகு என்னைக் கூப்பிட்டு, பேட்டரியைக் கழற்றிக் கொடுத்தார்.

முள் விர்ரென்று பச்சைக்குப் போனது. கட்டைவிரலைத் தூக்கினேன்.

"நல்லா பாரு. செவப்பு பக்கம் சாயுதா இன்னா?"

மறுபடி அழுத்தினேன். பச்சை. எரிச்சலில் இரண்டு கட்டைவிரலையும் அவர் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினேன். நல்ல செய்தி சொன்னால் மனுஷன் சந்தோஷப்பட வேண்டாமா?

அவர் என் விரல்களையே பார்த்தார்.

"ஒருவாட்டி செவப்புன்னு சொல்லேம்மா" என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பெட்டியை அவர் மடியில் வைத்துவிட்டு விளையாட ஓடினேன். பேட்டரி நன்றாக இருக்கிறதென்றால் கெட்டுப்போனது எது என்று எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை.