அறுநூறு கொள்ளும் பை

எங்கள் மருமகளைப் போலப் படம் பிடிக்க ஏழு கண்டத்திலும் ஆள் கிடையாது. ஏழு கண்டம் என்பது கொஞ்சம் அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். எங்கள் தெருவில் கிடையாது. தெருவில் இருந்ததே இரண்டு ஸ்டுடியோ; இன்னொன்றை மூடி மூன்று வருஷம் ஆகிறது.

அவளுக்கு வயது நாற்பத்துநான்கு. இருபது வருஷமாகப் பாஸ்போர்ட் படம் எடுக்கிறாள். வெள்ளைத் திரை, அதற்கு முன்னால் ஒரு சுழல் ஸ்டூல், இரண்டு குடை விளக்கு, சுவரில் ஒரு கண்ணாடி, கண்ணாடிக்குக் கீழே நூலில் தொங்கும் சீப்பு. வருகிறவர்களை உட்காரவைத்து, தாடையை இறக்கச் சொல்லி, காது தெரிய முடியை ஒதுக்கச் சொல்லி, கடைசியில் "அசையாதீங்க" என்பாள். நாளுக்கு அறுபது தடவை சொன்னால் அது பெயராக ஒட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்? தெருவுக்கே அவள் 'அசையாதே'. தூக்கத்தில்கூட அதைச் சொல்கிறாள் என்பது என் மகன் தருகிற தகவல். அவன் தூக்கத்தில் புரள்கிற புரளலுக்கு யாராவது சொல்லத்தான் வேண்டும்.

ஸ்டுடியோவின் பின்னறையில் என் வீட்டுக்காரர் படங்களுக்குச் சட்டம் போடுகிறார். மரத்தூள், பசை, கண்ணாடி வெட்டும் ஊசி, சட்டைப்பையில் எப்போதும் ஓர் இரும்பு ஸ்கேல். அளவு ஒரு நூல் பிசகினால் சட்டத்தைப் பிரித்துப் போட்டு மறுபடி செய்கிற ஆள். முதன்முதலில் சந்தித்தபோது என் உயரத்தை அளந்துவிட்டுத்தான் பேசினார் என்று நான் ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறேன். உண்மையில் அன்று அவர் அளந்தது எங்கள் வாசற்கதவை.

மருமகளுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. கூட்டம் இல்லாத நேரத்தில் மாடிக்குப் போய்ப் பறவைகளைப் படம் எடுப்பாள். 'அசையாதே' என்றால் கேட்காத ஒரே ஜாதி அது என்பாள். அப்படி எடுத்த ஒரு பருந்துப் படத்தை என் வீட்டுக்காரர் சட்டம் போட்டு ஸ்டுடியோ சுவரில் மாட்டியிருந்தார். பாஸ்போர்ட் படம் எடுக்க வந்த ஓர் அம்மாள் ஸ்டூலில் உட்காராமல் அந்தப் படத்துக்கு முன்னாலேயே நின்றுவிட்டார். கடற்பறவைகளை ஆராய்கிற குழுவில் அவர் தலைமை. தீவு ஒன்றில் ஆறு நாள் தங்கிக் கூடுகளைப் படம் எடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். அது சரியாக அமைந்தால் வருஷா வருஷம் அந்த வேலை அவளுக்கே.

பெரிய லென்ஸை அவர்களே கொடுப்பார்கள். அறுநூறு மில்லிமீட்டர் லென்ஸ், பழைய மாடல், ஐந்தரைக் கிலோ. ஒரே ஒரு நிபந்தனை. ஒருமுறை அது விமானத்தின் அடிவயிற்றில் பெட்டிகளோடு போய் உடைந்து, சரிசெய்ய ஒரு வருஷம் ஆனதாம். அதனால் இனி அது எடுத்துப்போகிறவரின் கையை விட்டுப் பிரியக் கூடாது. அந்தத் தீவுக்குப் படகு ஏறும் ஊர்வரை போவதோ சின்ன விமானம். கூடவே எடுத்துப்போகும் பை ஐம்பத்தைந்து சென்டிமீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அடிவயிறுதான். சரியான பை கிடைத்துவிட்டதா இல்லையா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள்.

பையில் இன்னொரு சிக்கல். இரண்டு வருஷத்துக்கு முன்னால் திரை மாட்டும் கம்பியைத் தூக்கும்போது அவளுக்கு முதுகெலும்புத் தட்டு நழுவிவிட்டது. நாற்பது நாள் படுக்கை. பாரத்தை இனிமேல் தோளில் தொங்கவிடாதே, இடுப்பில் இறக்கு, ஒரு பக்கம் சாய்கிற எதையும் சுமக்காதே என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். தீவில் படகுத்துறையிலிருந்து தங்குமிடத்துக்கு மூன்று கிலோமீட்டர் மணலில் நடை. லென்ஸ், கேமரா, அத்தனை கனத்தையும் ஆடாமல் தாங்குகிற ட்ரைபாட் எல்லாம் சேர்த்துப் பத்துக் கிலோ. பாதியில் முதுகு பிடித்துக்கொண்டால் ஆறு நாளைக்குப் படகு வராது.

என் மகன் ஒரே தடவைதான் வாயைத் திறந்தான்.

"போக வேணாம்னு நான் சொல்லல. அங்க விழுந்து கிடந்தா தூக்க யார் இருக்கா, அதை மட்டும் சொல்லிட்டுப் போ."

அன்றிலிருந்து அவள் சாப்பாட்டில் கை வைப்பாள், எழுந்து போய்க் கதவில் ஐம்பத்தைந்து சென்டிமீட்டரை அளந்து பார்ப்பாள், திரும்பி வந்து மறுபடி கை வைப்பாள்.

லென்ஸ் கைக்கு வருவதே புறப்படுகிற அன்று காலையில்தான். விவரப் புத்தகம் தொலைந்து பத்து வருஷம். வெறும் கையோடு கடைக்குப் போய்ப் பை வாங்குவது எப்படி? மாமனாரிடம் போய், "மாமா, அறுநூறு லென்ஸ் மாதிரி அட்டையில ஒண்ணு செஞ்சு குடுங்க" என்றாள். மறுநாள் காலையில் அட்டைக் குழாய் தயார். வாய் பக்கம் சோற்றுத்தட்டு மாதிரி அகலம், வால் பக்கம் ஒடுக்கம், கறுப்புத் தாள் ஒட்டி, நடுவில் பிடிகூட வைத்திருந்தார். எங்கள் வீட்டில் அவ்வளவு அழகான பொருள் வேறு இல்லை, என்னைத் தவிர. அவள் அதைக் கையில் வாங்கி, "இவ்வளவு பெரிசா?" என்றாள்.

ஞாயிறு, திங்கள், செவ்வாய். மூன்று நாள், நான்கு கடை. குழாயைக் கைக்குழந்தை மாதிரி துண்டில் சுற்றி நான் எடுத்துப்போனேன். பேருந்தில் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார், மறுக்கவில்லை. ஒவ்வொரு பையின் அட்டையிலும் 'அறுநூறு கொள்ளும்' என்று அச்சடித்திருந்தது. உள்ளே வைத்தால் குழாயின் கழுத்து வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். குழாய் கொள்கிற பை ஒன்று இருந்தது. அது என் இடுப்பு உயரம். விமானத்தில் அதற்குத் தனி இருக்கைதான் வாங்க வேண்டும். கடைக்காரப் பெண் ஒருத்தி எங்கள் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்த மாதிரி லென்ஸைத் தான் கண்ணால் கண்டதில்லை என்றாள். என் வீட்டுக்காரருக்குச் செய்தி போனதும் அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: பை செய்கிற கம்பெனிக்காரர்கள் அத்தனை பேரும் புளுகர்கள்.

மருமகள் சிரிக்கவில்லை. திரும்பும் வழியெல்லாம் கட்டைவிரல் நகத்தைக் கடித்துக்கொண்டே வந்தாள். செவ்வாய் மாலை ஒரு பாஸ்போர்ட் படம் எடுத்தாள். எடுத்து முடித்த பிறகு "அசையாதீங்க" என்றாள்.

புதன்கிழமை மத்தியானம் ஸ்டுடியோவில் யாரும் இல்லை. சுழல் ஸ்டூலில் உட்கார்ந்து போனை எடுத்தாள். அந்த அம்மாளிடம் தன்னால் வர முடியாது என்று சொல்லிவிடப் போகிறாள் என்பது உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. நான் வாசலில் நின்றேன். என் வீட்டுக்காரர் மேஜைப் பக்கம் நின்றார். அவருக்குக் கை சும்மா இருக்காது. மேஜையில் கிடந்த அவளுடைய ஸ்டுடியோ லென்ஸுக்குப் பக்கத்தில் ஸ்கேலை வைத்தார், குனிந்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தார்.

அந்தப் பக்கம் மணி அடிக்கிற சத்தம் எனக்கே கேட்டது.

"ஏம்மா, இதுல ஐம்பதுன்னு போட்டிருக்கான். எழுபத்திரண்டு இருக்கே. கம்பெனியிலயே தப்பா அச்சடிச்சு அனுப்பிட்டான் பாரு."

மருமகள் போனைக் காதிலிருந்து எடுத்து, பேச்சு வருவதற்குள் அணைத்துவிட்டாள்.

"மாமா, அந்தக் குழாய எதை வெச்சு அளந்தீங்க?"

"அளக்க என்ன இருக்கு? அறுநூறுன்னு சொன்ன. அறுநூறு வெட்டினேன். ஸ்கேல வெச்சுப் பாரு, நூல் பிசகாது."

அவள் ஸ்டூலிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று கொஞ்ச நேரம் புரியவில்லை. லென்ஸின் மேல் போட்டிருக்கிற எண் அதன் நீளம் அல்லவாம். தூரத்தை எவ்வளவு கிட்டே இழுக்கும் என்பதற்கான கணக்காம். அது இருபது வருஷமாக அவளுக்குத் தெரியும். மாமனாரின் ஸ்கேல் மேல் இருந்த நம்பிக்கையில் கேட்கத் தோன்றவில்லை. என் மூக்குக்கண்ணாடிக்கு மைனஸ் இரண்டு என்று எழுதினார்களே, இரண்டு அங்குலம் குறைத்து வெட்டவா என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன். மனுஷர் என் பக்கம் திரும்பவே இல்லை. பின்னறைக்குப் போய்க் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அவள் பின்னாலேயே போனாள். "நீங்க வெட்டினது சரிதான் மாமா. நான்தான் வெவரமா சொல்லல."

"சரி, நிஜ நீளம் எவ்வளவு?"

அது யாருக்கும் தெரியாது. பயம் மறுபடி வந்து உட்கார்ந்தது. குழுவின் சாமான் அறையைப் பார்த்துக்கொள்கிறவருக்குப் போன் போட்டாள். அளவுகோல் கையில் இல்லையென்று அவர் இழுத்தார். பிறகு லென்ஸை எடுத்துப் பார்த்து, "ரெண்டு சாண், அதுக்கு மேல கொஞ்சம்" என்றார். யாருடைய சாண்? மருமகளின் சாண் இருபது சென்டிமீட்டர், என் வீட்டுக்காரருடையது இருபத்துநான்கு. அந்த மனிதர் குள்ளமா நெட்டையா என்று கேட்கவா முடியும்? அவள் மறுபடி கட்டைவிரல் நகத்தைக் கடிக்க ஆரம்பித்தாள்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் போனுக்குக் கை நீட்டினார்.

"ஐயா, பக்கத்துல ஏ நாலு தாள் இருக்கா? பிரிண்டர்ல இருந்து ரெண்டு உருவுங்க. நீள வாக்குல ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு வைங்க. எத்தனை தாள் பிடிக்குது?"

அந்தப் பக்கம் தாள் சரசரத்தது. ஒன்றரைத் தாள், அதற்கு மேல் ஒரு நகக்கண் என்று பதில் வந்தது. இவருக்கு யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆயிரக்கணக்கான தாளுக்குச் சட்டம் போட்ட கை. நானூற்று ஐம்பது என்றார். அகலத்தையும் தாளை வைத்தே வாங்கினார். குழாயிலிருந்து நூற்றைம்பதை வெட்டி எறிந்தார். உள்ளே ஐந்தரைக் கிலோ வருகிற மாதிரி மணல் மூட்டை கட்டிவைத்தார்.

வியாழக்கிழமை மறுபடி கடை. முன்பு வாயைப் பிளந்து சிரித்த பைகள் எல்லாம் இப்போது வாயை மூடிக்கொண்டன. ஆனால் மூடினால் போதுமா? முதல் பைக்கு இடுப்புப் பட்டை வெறும் நாடா. பாரம் முழுக்கத் தோளில் தொங்கியது. இரண்டாவதில் ட்ரைபாட்டைப் பக்கவாட்டில் செருக வேண்டும். அதை மாட்டிக்கொண்டு கடையை ஒரு சுற்று வந்தாள், இடது பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து. இரண்டாவது சுற்றில் கை தானாக இடுப்புக்குப் போனது. நான் கழற்றச் சொல்லிவிட்டேன்.

மூன்றாவது பைக்கு அகலமான இடுப்புப் பட்டை, உள்ளே பஞ்சு. ட்ரைபாட்டின் காலுக்குப் பையின் வெளிப்பக்கத்தில் நேர் நடுவில் ஒரு கிண்ணம், மேலே இரண்டு வார். முதுகில் படுகிற பக்கமாகத்தான் பை திறக்கும். ஈர மணலில் கிடத்தினாலும் முதுகுப் பக்கம் நனையாது. வெளி உயரம் ஐம்பத்துநான்கு. அதோடு கடையின் மாடிப்படியை ஏறினாள், இறங்கினாள். பதினோரு தடவை. ஒவ்வொரு தடவையும் கீழே வந்து, வலிக்கிறதா என்று தனக்குள் கேட்டுக்கொள்கிற மாதிரி நிற்பாள். பன்னிரண்டாவது தடவைக்குக் கடைக்காரப் பெண்ணே, "அக்கா, எனக்குக் கால் வலிக்குது" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை அந்த அம்மாளுக்குச் சரி என்று சொன்னாள்.

அப்பாடா என்று நான் நினைத்தேன். அவள் நினைக்கவில்லை. புறப்படுகிற அன்று காலை சாமான் அறையில் நிஜ லென்ஸை வெளியே எடுத்தபோது, அதன் வாயை ஒரு தடித்த தோல் தொப்பி மூடியிருந்தது. தாளை வைத்து அளந்தபோது அந்த மனிதர் தொப்பியைக் கழற்றிவிட்டு அளந்திருக்கிறார். தொப்பி இல்லாமல் கொண்டுபோக அனுமதி இல்லை. ஜிப்பை இழுத்தாள், கடைசி நான்கு விரல் வரவில்லை. நான் மேலே கை வைத்து அழுத்த, இழுத்து மூடினாள். மூடியது. ஆனால் பையின் தலை வீங்கி நின்றது. ஐம்பத்துநான்கு இப்போது ஐம்பத்துநான்கா?

டாக்ஸியில் விமான நிலையம் வரைக்கும் அவள் அதன் வீக்கத்தைத் தடவிக்கொண்டே வந்தாள், காய்ச்சல் பார்க்கிற மாதிரி. ட்ரைபாட்டைத் துணிகளுக்கு நடுவில் சுற்றிப் பெட்டியில் அனுப்பிவிட்டோம், அது உடையாது. மிச்சம் இருந்தது பை. பயணச்சீட்டைச் சரிபார்க்கும் மேஜைக்குப் பக்கத்தில், பையின் அளவைப் பார்க்க ஓர் இரும்புக் கூண்டு. அதற்குள் இறங்கினால் கூடவே போகலாம். இறங்காவிட்டால், லென்ஸை அந்த அம்மாளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னோடு வீட்டுக்கு வர வேண்டியதுதான்.

"பைய உள்ள வைங்க" என்றாள் மேஜைக்காரப் பெண், நிமிர்ந்து பார்க்காமலே.

மருமகள் பையைத் தூக்கி வைத்தாள். வெண்ணெயில் கத்தி இறங்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? அப்படி இறங்கியது. மேஜைக்காரப் பெண் எழுந்து நின்று, இவ்வளவு அளவெடுத்தாற்போல் ஒரு பையைத் தன் வேலைக்காலத்தில் கண்டதில்லை என்று கைகொடுத்தாள்.

இதுவரை எழுதியதை, தீவிலிருந்து கறுத்துப்போய்த் திரும்பி வந்திருக்கிற மருமகள் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டாள்.

"அத்தை, வெண்ணெயும் இல்ல, கத்தியும் இல்ல. பாதியில நின்னுடுச்சு. இடுப்புப் பட்டையக் கழட்டி, அந்தப் பொண்ணு போன் பேசத் திரும்பின நேரத்துல முட்டியால தள்ளினேன், அப்புறம்தான் போச்சு. அவ கைகொடுத்தது என்னைப் பாராட்டி இல்ல. வெளிய எடுக்க முடியாம, நீங்க கூண்ட மிதிச்சுப் பிடிச்சுக்கிட்டீங்க, அவளும் நானும் பைய இழுத்தோம். அந்தக் கையத்தான் சொல்றீங்க."