ஒன்பதாவது ஆள்

வெறும் தண்டவாளத்தைப் பார்த்து விரல் நீட்டி, "இந்தப் பக்கம் சரி" என்கிறார் எங்கள் ரயில் நிலையப் பணியாளர் குராமொச்சி. அடுத்து கடிகாரம், அப்புறம் நடைமேடையின் மஞ்சள் கோடு. ஒவ்வொன்றுக்கும் ஒரு விரல், ஒரு "சரி". கேட்க எதிரே யாரும் இல்லை. வெயிலோ பனியோ, வெள்ளைக் கையுறை போட்ட அந்த விரல் நீளாமல் எங்கள் நிலையத்துக்குள் வண்டி வருவதில்லை. மீன் கடை நிஷிகோரி அம்மாள், "பொண்டாட்டியையும் காலையில இப்படித்தான் விரல் நீட்டிப் பார்ப்பீங்களா?" என்று சீண்டுவாள். "அவங்கதாங்க என்னைப் பார்ப்பாங்க" என்பார், சிரிக்காமல்.

வயது ஐம்பத்தாறு. குள்ளமான ஆள். அறிவிப்புக்கு மைக்கைப் பிடித்தால் குரல் மூக்குக்கு ஏறிவிடும். கீழே வைத்ததும் இறங்கிவிடும். பயணிகள் மறந்துவிட்டுப் போகும் குடைகளைக் கைப்பிடியின் நிறப்படி அடுக்கி வைக்கிறார். ஏன் என்று கேட்டேன். "தேடி வர்றவங்க நிறத்தைத்தான் சொல்றாங்க. எந்த நாள் விட்டாங்கன்னு அவங்களுக்கே தெரியறதில்ல" என்றார். தேதிவாரியாக வைக்கச் சொல்லி மேலிடம் இரண்டு முறை எழுதியதாம். இரண்டு முறையும் பணிவாகப் பதில் போட்டுவிட்டு நிறப்படியே வைத்தாராம்.

மூன்று நாளைக்கு ஒரு முறை நிலையத்திலேயே தனியாகப் படுப்பார். முதல் வண்டி நாலு ஐம்பத்திரண்டு. எழுப்புவதற்கு மெத்தைக்கு அடியில் ஒரு காற்றுப் பை உண்டு. குறித்த நேரத்தில் அது உப்பி, தூங்குகிறவரின் முதுகைத் தூக்கி உட்கார வைத்துவிடும். இருபத்தெட்டு ஆண்டுகள் அது அவரை எழுப்பியது. போன மார்ச்சில் ஒரு நாள் முதுகுவலி தாங்காமல் மெத்தையை விட்டுப் பாய்த்தரைக்கு உருண்டுவிட்டார். பை நேரம் தவறாமல் உப்பியது, ஆளில்லாத மெத்தையைத் தூக்கியது, இறங்கியது. குராமொச்சி தூங்கினார். முதல் வண்டி வந்து, நின்று, யாரையும் ஏற்றாமல் போயிற்று. நிலையத்தின் இரும்புச் சுருள்கதவுக்கு வெளியே எட்டுப் பேர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அவர்கள் தட்டிய தட்டில் அவர் எழுந்து வந்து கதவைத் தூக்கியபோது வெளியே ஒன்பது பேர் இருந்தோம். ஒன்பதாவது ஆள் நான்.

இதை எழுதக் கை கூசுகிறது. அன்று நானும்தான் தூங்கிப்போனேன். நான் ஓடி வந்து சேரும்போது வண்டி போய் ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. மருத்துவமனைச் சமையலறையில் காலைச் சோறு என் பொறுப்பு. அந்த மாதத்தில் ஏற்கெனவே இரண்டு தாமதம். மூன்றாவது என்றால் வீட்டிலேயே இருந்துகொள் என்று தலைமைச் சமையல்காரி சொல்லியிருந்தாள். மூடிய கதவையும் முணுமுணுக்கும் கூட்டத்தையும் பார்த்ததும் எனக்கு வந்தது சந்தோஷம். சத்தமில்லாமல் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

சட்டைப் பொத்தான் மாறிப் போட்ட கோலத்தில் அவர் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார். வேலையிடத்தில் காட்டுவதற்கு, வண்டி தாமதம் என்று அச்சடித்த சீட்டைக் கொடுத்துவிட்டால் போதும், யார் கேட்கப்போகிறார்கள் என்றாள் நிஷிகோரி அம்மாள். அவரைக் காப்பாற்றத்தான் சொன்னாள்.

"வண்டி நேரத்துக்கு வந்துச்சுங்க," என்றார். "அந்தச் சீட்டைக் கொடுத்தா, பழியை ஓட்டிட்டு வந்தவர் தலையில போட்ட மாதிரி ஆயிடும். தூங்கினது நான்."

ஒன்பது வெள்ளைத் தாள்களில் கையால் எழுதினார்: ரயில் தாமதமில்லை, பணியாளர் தூங்கிவிட்டதால் கதவு திறக்கப்படவில்லை. கீழே தன் பெயர், முத்திரை. எனக்குரியதை இரண்டு கையாலும் நீட்டினார். வாங்கியதோடு விட்டேனா? "இனிமேலாவது கொஞ்சம் கவனமா இருங்க" என்று வேறு சொன்னேன்.

அந்தத் தாள் என் வேலையைக் காப்பாற்றியது. அவரோ நடந்ததைத் தானே மேலிடத்துக்கு எழுதிப் போட்டார். ஏப்ரலில் வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. நுழைவாயிலில் ஒரு மன்னிப்பு அறிவிப்பும் ஒட்டப்பட்டது, ஒன்பது பயணிகளுக்குப் பெரும் தொல்லை நேர்ந்தது என்று. தினமும் அந்த ஒன்பதைத் தாண்டித்தான் நான் உள்ளே போக வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு போவேன்.

ஒரு மாதம் கழித்து அவர் அதைச் சுவரிலிருந்து உரித்துக்கொண்டிருந்தார். இனி அது கண்ணில் படாது என்று நிம்மதி வந்தது. அந்த நிம்மதிதான் என்னைப் பிடித்து உலுக்கியது. பக்கத்தில் போய் நின்று, ஒன்பது இல்லை, எட்டு என்று சொன்னேன். நான் வரும்போதே வண்டி போயிருந்தது என்றேன். தாளை ஏமாற்றி வாங்கியதையும் சொன்னேன்.

பாதி உரிந்த காகிதத்தைப் பிடித்தபடி அவர் யோசித்தார். திட்டியிருந்தால் எனக்குப் பாரம் குறைந்திருக்கும்.

"நீங்க நேரத்துக்கே வந்திருந்தாலும் கதவு மூடித்தாங்க இருந்திருக்கும்," என்றார். "ஒன்பதுதான்."

தொப்பியைக் கழற்றி இடுப்பு மடங்கக் குனிந்தார். நானும் குனிந்தேன். தரையில் அவருடைய காலணிகள் மட்டும் தெரிந்தன. அவை திரும்பி நடைமேடைப் பக்கம் போன பிறகும் நான் நிமிரவில்லை.